14 மட்டை வேணுமா? 7 போதும்!

மேனேஜர் கோல்ஃப் ஆட கூப்பிட்டார்னு முழு செட்டையும் இஎம்ஐ போட்டு வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்.

விதிப்படி பையில் அதிகபட்சம் 14 மட்டை வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1938-ல் கொண்டுவந்த வரம்பு இது. கிரெடிட் கார்டு லிமிட் மாதிரிதாங்க, முழுசா பயன்படுத்தணும்னு கட்டாயம் இல்லை. மீறினால்தான் அபராதம். 2001 பிரிட்டிஷ் ஓபன் கடைசி நாளில், பையில் 15-வது மட்டை இருந்ததால் இயன் வூஸ்னமுக்கு 2 ஸ்ட்ரோக் கூடியது. ஆனா 1916 யு.எஸ். ஓபனை சிக் எவான்ஸ் ஜெயிச்சது வெறும் 7 மட்டையோட!

உங்களுக்கு எந்த ஏழு? 3 வுட், ஹைப்ரிட், 6 அயர்ன், 8 அயர்ன், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், புட்டர். 7 அயர்ன் தூரம் வேணும்னா, 6-ஐ கொஞ்சம் கீழே இறக்கிப் பிடிச்சு அடிங்க.

புட்டர்ல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பார் 72 கணக்கில் 36 அடி அதுக்கே போகுது. மற்றதெல்லாம் செகண்ட் ஹேண்ட் போதும்.

ஆறு மாசம் ஆடிட்டு, எந்தத் தூரத்தில் தடுமாறுறீங்களோ அதுக்கு ஒரே ஒரு மட்டை வாங்குங்க. சம்பள மிச்சத்துல, எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாமல்.