வில் பிடிக்கும் நாள்
(வில்வித்தை பயிலத் தொடங்குவோருக்கான பாடம்)

சைவ மக்களுக்கு வில் புதிய பொருளன்று. மேருமலையை வில்லாக வளைத்துச் சிவபெருமான் திரிபுரம் எரித்த வரலாற்றைப் புராணங்கள் கூறுகின்றன. மகோற்சவ காலத்தில் வேட்டைத் திருவிழாவன்று சுவாமி எழுந்தருளுவதை அடியார்கள் ஆண்டுதோறும் தரிசிக்கின்றனர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்திலே, உடுப்பூர் வேடர் தலைவனாகிய நாகன் தன் மகன் திண்ணனாருக்கு நல்ல நாள் பார்த்து, சுற்றத்தார் கூடி நிற்க வில் பிடிக்கும் சடங்கை நடத்திய செய்தி விரிவாக வருகிறது. அத்திண்ணனாரே கண்ணப்ப நாயனார். வில்லைத் தொடுவதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும் என முன்னோர் கருதியமை இதனாற் புலனாகும்.

குறிகாட்டும் கருவிகள் பூட்டாத வில்லைக் கொண்டு எய்யும் மரபு இன்றும் பல நாடுகளில் வாழ்கிறது. பூட்டானில் 1971ஆம் ஆண்டு முதல் இதுவே தேசிய விளையாட்டாகும். யப்பானில் கியூடோ என்னும் வில்வித்தையைத் தொடங்கும் மாணவன், முதலில் இறப்பர் கட்டிய பயிற்சிக் கோலை அம்பின்றி இழுத்து உடல் நிலையைப் பழகுகிறான். பின்னர் ஏறத்தாழ 2 மீற்றர் தூரத்திலுள்ள வைக்கோற் கட்டுக்கு எய்கிறான். 28 மீற்றர் இலக்கு அதற்குப் பின்னரே.

வில்லைத் தெரிவு செய்தல்

வில்லின் வலு இறாத்தலில் அளக்கப்படும். நாணை 28 அங்குலம் இழுக்கும்போது கையில் ஏறும் பாரமே அது. தொடங்கும் வளர்ந்தவருக்கு 20 முதல் 30 இறாத்தல் வரை போதும். சிறுவருக்கு 10 முதல் 15 இறாத்தல் வரை தகும். பெருமைக்காகப் பாரமான வில்லை எடுப்பவன் தோளை உயர்த்தி, முதுகை வளைத்து இழுப்பான். அத்தீய பழக்கம் எளிதில் நீங்காது; தோள்மூட்டும் பழுதடையும்.

கண்கள் இரண்டில் ஒன்றே மேலோங்கி நிற்கும். கைகளை நீட்டி விரல்களால் சிறு துவாரம் அமைத்து, அதனூடாகத் தூரத்துப் பொருளொன்றை நோக்குக. பின் ஒவ்வொரு கண்ணாக மூடுக. எக்கண் திறந்திருக்கையில் பொருள் மறையாது தெரிகிறதோ, அக்கண்ணின் பக்கத்துக் கையால் நாண் இழுப்பதே சிறந்தது.

முன்கையை நாண் அடியாமல் காக்கும் தோலுறையைக் கோதை என்றும், விரலுறையை விரற்புட்டில் என்றும் பழந்தமிழர் அழைத்தனர். இவை இரண்டும் இன்றி எய்தல் ஆகாது.

எய்யும் முறை

1. இலக்குக்குப் பக்கவாட்டில், பாதங்களைத் தோளகலத்துக்கு விரித்து நிற்க.
2. அம்பின் வெட்டை நாணிற் பொருத்துக. தனித்து நிற்கும் இறகு வில்லுக்கு எதிர்ப்புறம் நோக்கியிருத்தல் வேண்டும்.
3. அம்புக்கு மேல் ஒரு விரலும் கீழ் இரு விரல்களுமாக நாணைப் பிடிக்க. வில்லை இறுகப் பற்றலாகாது.
4. கையின் பலத்தால் அன்றி, முதுகின் பலத்தால் இழுக்க.
5. இழுத்த கை ஒவ்வொரு முறையும் முகத்தில் ஒரே இடத்திற் சேர்தல் வேண்டும். வாயின் ஓரம் பொதுவாகக் கொள்ளப்படும் இடம்.
6. விரல்களைத் தளர்த்தி விடுக. அம்பு இலக்கைச் சேரும்வரை நிலை குலையாதிருக்க.

முதல் மாதங்களில் 5 முதல் 10 மீற்றர் தூரமே போதும். அம்புகள் ஒன்றையொன்று அடுத்து விழுவதே முதற் தேர்ச்சி. நடுப்புள்ளியிற் படுவது பின்னர் தானே வரும்.

ஏகலைவனின் பெருவிரல்

மேற்கூறியது மூவிரற் பிடி. ஆசிய நாடுகள் பலவற்றில் பெருவிரலை நாணிற் கொளுவி இழுக்கும் முறையே வழங்கியது. துருக்கியரும் மொங்கோலியரும் அதற்கெனப் பெருவிரல் மோதிரம் அணிந்தனர். துரோணர் குருதட்சணையாக வலக்கைப் பெருவிரலைக் கேட்டதன் கடுமை இதனை அறிந்தாற்றான் விளங்கும். பின்னர் ஏகலைவன் ஏனைய விரல்களால் எய்தான் எனினும் முன்னைய வேகம் கைகூடவில்லை என்கிறது மகாபாரதம். குருவின் உருவத்தை முன்வைத்துத் தானே பயின்றவன் அவன். அத்தகையவன் ஆயிரத்தில் ஒருவன். ஏனையோருக்குப் பிழையை அருகிருந்து காட்ட ஆசிரியர் ஒருவர் அவசியம்.

செய்யத் தகாதவை

அம்பின்றி நாணை இழுத்து விடலாகாது. அம்பு கொண்டு செல்ல வேண்டிய விசை வில்லுக்கே திரும்புவதால் வில் முறியும்; எய்பவரும் காயப்படுவர். வானை நோக்கி எய்யலாகாது. இலக்கின் பின்னே மண்மேடோ வெறுநிலமோ இருத்தல் வேண்டும். வெடித்த அம்பைப் பயன்படுத்தலாகாது. எல்லோரும் எய்து முடித்த பின்னரே அம்பெடுக்கச் செல்ல வேண்டும். பயிற்சி முடிந்ததும் மரவில்லின் நாணைக் கழற்றி வைக்க வேண்டும். வளர்ந்தோர் அருகில்லாதபோது சிறுவர் கையில் வில்லைக் கொடுத்தல் கூடவே கூடாது.

நிறைவாக

வில்வித்தை கண்ணையும் கையையும் மனத்தையும் ஒருங்கே அடக்கப் பழக்குகிறது. திண்ணனார் கற்ற வித்தை முதலில் வேட்டைக்கே பயன்பட்டது. காளத்தியில் இறைவன் திருக்கண்ணிற் குருதி கண்டபோது, அவர் தம் கண்ணை அகழ்ந்தெடுத்ததும் அம்பினாலேயே. தை மாத மிருகசீரிடத்தில் வரும் அவரது குருபூசையன்று, பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைப் பெற்றோர் எடுத்துரைப்பது நன்று. வில் பிடிக்க விரும்பும் பிள்ளைக்கு அதுவே முதற் பாடமாக அமையும்.