வாசல் தெளிக்கிறதுக்கு முன்னாடி காருக்கு அடியில பாரு!

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிட்டேன்னு நேத்து போட்டோ அனுப்பியிருந்தே. ரொம்ப சந்தோஷம். சீட் கவர், மியூசிக் சிஸ்டம் எல்லாம் மெதுவா பாத்துக்கலாம். முதல்ல வாட்டர் பம்ப்பைப் பத்தி அக்கா சொல்றதைக் கேட்டுக்கோ.

ரெண்டு வருஷம் முன்னாடி மே மாசத்துல, திருச்சியிலேர்ந்து சென்னைக்கு வர்ற வழியில, உளுந்தூர்பேட்டை பக்கத்துல எங்க வண்டி நின்னு போச்சே, ஞாபகம் இருக்கா? அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே போர்ட்டிகோ தரையில இளஞ்சிவப்பா ஒரு கறை தெரிஞ்சுது. பசங்க ஏதோ கொட்டியிருப்பாங்கன்னு நான்தான் தினமும் துடைச்சு விட்டேன். பம்ப்போட முடிஞ்சிருக்க வேண்டிய செலவு, எஞ்சின் ஹெட்டைக் கழட்டி லேத்துக்கு அனுப்புற வரைக்கும் போச்சு. வாட்டர் பம்ப் பெரும்பாலும் சொல்லிட்டுத்தான் போகும். நமக்குத்தான் அது சொல்றது புரியணும்.

சொட்டு எங்கேர்ந்து வருது?

நம்ம வீட்டுத் தண்ணி மோட்டார் மாதிரிதான் இதுவும். உள்ளே ஒரு இம்பெல்லர், ஒரு பேரிங், ஒரு சீல். எஞ்சின் பெல்ட் சுத்தும்போது இதுவும் சுத்தி, சூடான கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் தள்ளும். ஆறினதைத் திரும்ப எஞ்சினுக்குள்ள அனுப்பும். சீல் தேஞ்சா கசியுற கூலன்ட் பேரிங்கைக் கெடுக்காம வெளியேறணும்னு பம்ப்புல சின்னதா ஒரு ஓட்டை வெச்சிருப்பாங்க. அங்கேர்ந்து ஒழுக ஆரம்பிச்சா பம்ப்போட காலம் முடியப் போகுதுன்னு அர்த்தம். ஓட்டையை எம்-சீல் வெச்சு அடைக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதே!

டிப்ஸ் 1: ஏசி தண்ணியா, கூலன்ட்டா?

காருக்கு அடியில ஈரமா இருந்தா ஒரு வெள்ளை டிஷ்யூவால ஒத்தி எடு. நிறம், வாசனை எதுவும் இல்லேன்னா அது ஏசி தண்ணி, பயப்படாதே. பச்சை, சிவப்பு, இளஞ்சிவப்புன்னு நிறம் தெரிஞ்சு, வழுவழுப்பா, லேசா இனிப்பு வாசனை அடிச்சா கூலன்ட். உடனே கழுவி விடு. அது விஷம். இனிப்பா இருக்கறதால நாயும் பூனையும் நக்கிடும்.

டிப்ஸ் 2: கண்ணையும் காதையும் தீட்டிக்கோ

வாரம் ஒரு நாள், எஞ்சின் ஆறியிருக்கும்போது பானட்டைத் திற. ரிசர்வ் டேங்க்ல கூலன்ட் ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கணும். அடிக்கடி குறைஞ்சா எங்கேயோ கசியுது. பம்ப் புல்லியைச் சுத்தி உப்புப் பூத்த மாதிரி காய்ஞ்ச கறை இருக்கான்னு பாரு. எஞ்சின் ஆஃப்ல இருக்கும்போது மெக்கானிக்கை விட்டு புல்லியை ஆட்டிப் பாக்கச் சொல்லு. ஆடினாலோ, ஓடும்போது பெல்ட் பக்கம் கரகரன்னு சத்தம் வந்தாலோ பேரிங் போயிடுச்சு.

டிப்ஸ் 3: போர் தண்ணி வேண்டாம்

குடத்துத் தண்ணியை ஊத்தி ஓட்டுறவங்க நிறைய. நம்ம ஊர் உப்புத் தண்ணி உள்ளே படிஞ்சு, துருப் பிடிக்க வெச்சு, சீலையும் அரிச்சிடும். கூலன்ட்டோட டிஸ்டில்ட் வாட்டரை சரி பாதியா கலந்து ஊத்து. கலந்தே விக்கிறதுன்னா அப்படியே ஊத்தணும். நிறம் ஒண்ணா இருக்குங்கறதுக்காக வேற வகையைக் கலக்காதே. வண்டி புக்ல எது போட்டிருக்கோ அதை வாங்கு.

டிப்ஸ் 4: டெம்பரேச்சர் முள் மேலே ஏறினா…

ஏசியை நிறுத்திட்டு, ஹீட்டரை ஃபுல்லா வெச்சு, ஓரங்கட்டி எஞ்சினை ஆஃப் பண்ணு. முள் உச்சியில இருக்கும்போது ஹீட்டர்ல குளிர் காத்து வந்தா, கூலன்ட் குறைஞ்சிருக்கு, இல்லேன்னா ஓடாம நிக்குது. ‘இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே’ன்னு ஓட்டினா எங்க வண்டி கதைதான், ஹெட் வளைஞ்சிடும். ரேடியேட்டர் மூடியை சூட்டோட திறக்கவே கூடாது. உள்ளே பிரஷர் இருக்கறதால 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம இருக்கும். மூடியைத் திறந்த நொடியில கொதிச்சு முகத்துல அடிக்கும். எஞ்சின் நல்லா ஆறட்டும். பச்சைத் தண்ணியை எஞ்சின் மேல ஊத்தாதே, விரிசல் விடும்.

டிப்ஸ் 5: மாத்தும்போது பக்கத்துல நில்லு

சில வண்டியில பம்ப்பை டைமிங் பெல்ட்தான் சுத்தும். ரெனோ டஸ்டர் 1.5 டீசல் அப்படித்தான். அந்த மாதிரி வண்டியில டைமிங் பெல்ட் மாத்தும்போதே பம்ப்பையும் மாத்திடு. ரெண்டுக்கும் கழட்டுற வேலை ஒண்ணுதான், கூலி ஒரு தடவையோட போகும். வெளி பெல்ட் வண்டின்னா வேலை சுலபம். தெர்மோஸ்டாட்டையும் அப்பவே பாத்துடச் சொல்லு.

போல்ட் எல்லாம் ஒரே நீளமா இருக்காது. ஒரு அட்டையில பம்ப் படம் வரைஞ்சு, அந்தந்த இடத்துல குத்தி வெச்சா மாறிப் போகாது. பழைய பேக்கிங்கை சுத்தமா சுரண்டணும், ஆனா அலுமினியத்துல கீறல் விழக் கூடாது. புது பேக்கிங் போட்டு, போல்ட்டை எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். பலம் காட்டினா மரை போயிடும்.

கடைசியில ஏர் எடுக்கச் சொல்ல மறக்காதே. ஹீட்டரை ஃபுல்லா வெச்சு, ரேடியேட்டர் ஃபேன் ஓடி நிக்கற வரைக்கும் எஞ்சின் ஓடணும். ஆறினப்புறம் அளவைப் பாத்து நிரப்பணும். உள்ளே காத்து நின்னா புது பம்ப் போட்டும் முள் ஏறும். வடிச்ச பழைய கூலன்ட்டை சாக்கடையில விடாம கேன்ல பிடிச்சு மூடி, ஷெட்லயே கொடுத்துடு.

நாளைக்குக் காலையிலேர்ந்தே ஆரம்பி. வாளியோட வாசலுக்குப் போறதுக்கு முன்னாடி குனிஞ்சு ஒரு தடவை காருக்கு அடியில பாரு. தெளிச்சப்புறம் பாத்தா, எது உன் தண்ணி, எது காரோட தண்ணின்னு தெரியாதுடீ!