பீக்கிங் முதல் பாரிஸ் வரை

இக்காலத்தில் மோட்டார் வண்டியில் நெடுந்தொலைவு செல்வது அரிய செயலன்று. அகன்ற சாலைகள் உள்ளன. வழியெங்கும் பெட்ரோல் நிலையங்கள் உள்ளன. வண்டி பழுதுற்றால் செப்பனிடும் பட்டறைகளும் உள்ளன. விரைந்து செல்வதற்கென்றே அமைத்த வண்டிகளில் ஏறி, நாடு விட்டு நாடு சென்று மகிழ்வோர் பலர். ஆனால், சாலையும் இல்லை, பாலமும் இல்லை, பெட்ரோல் என்ற சொல்லைக் கேட்டவரும் இல்லை என்ற நிலையில், ஒரு கண்டத்தின் கீழ்க்கோடியிலிருந்து மற்றொரு கண்டத்தின் தலைநகர் வரை மோட்டார் வண்டியில் செல்ல ஒருவர் துணிவரோ? 1907-ஆம் ஆண்டில் சிலர் துணிந்தனர். அவர்தம் பயணத்தின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

அவ்வாண்டு சனவரி 31-ஆம் நாள், பாரிஸ் நகரத்து 'லெ மத்தேன்' என்னும் நாளிதழ் ஓர் அறைகூவல் விடுத்தது. மோட்டார் வண்டி இருந்தால் மனிதன் எங்கும் செல்லலாம், எதையும் செய்யலாம் என்பதை மெய்ப்பிக்க, அவ்வாண்டுக் கோடையில் பீக்கிங்கிலிருந்து பாரிசுக்கு வண்டியோட்டி வருவார் உளரோ என்று அது வினவியது. முன்வந்தோர் பலர், ஆயினும் இறுதியில் பீக்கிங் வந்து சேர்ந்தவை ஐந்தே வண்டிகள். அவற்றுள் இரண்டு பிரான்சு நாட்டு 'டி டியோன்' வண்டிகள். ஒன்று ஆலந்து நாட்டு 'ஸ்பைக்கர்'. ஒன்று 'கோன்தால்' என்னும் மூன்று சக்கரச் சிறுவண்டி. எஞ்சியது இத்தாலி நாட்டு 'இத்தாலா'.

இத்தாலாவை இத்தாலிய இளவரசர் ஸ்கிப்பியோனே போர்கேஸே செலுத்தினார். அவருக்குத் துணை, எத்தோரே குயிட்ஸார்டி என்னும் பொறிவினைஞர். மூன்றாமவர், லூயிஜி பார்ட்ஸீனி என்னும் புகழ்பெற்ற செய்தியாளர். குயிட்ஸார்டியின் தந்தையார் புகைவண்டி ஓட்டுநர் என்றும், அவர் ஒரு விபத்தில் உயிர் நீத்தபோது, அவ்விபத்தில் காயமுற்ற மகனைப் போர்கேஸே குடும்பம் ஏற்று வளர்த்துத் தொழில் பயிற்றியது என்றும் பார்ட்ஸீனி எழுதியுள்ளார்.

எத்தகைய வண்டி வெல்லும் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருந்தது. வழி கரடுமுரடாதலின் எடை குறைந்த சிறுவண்டியே ஏற்றது என்றனர் பலர். கோன்தால் ஆறு குதிரைத் திறனே உடையது; டி டியோன் வண்டிகள் ஒவ்வொன்றும் பத்துக் குதிரைத் திறன் உடையன. இத்தாலாவோ ஏறத்தாழ நாற்பது குதிரைத் திறனுடைய பெரிய எந்திரத்தைத் தாங்கிய பளுவான வண்டி. 'ஆற்றல் மிகுந்த எந்திரமே இடர்களைக் கடக்கும்' என்பது இளவரசரின் துணிபு.

எனினும் அவர் எந்திரத்தை மட்டும் நம்பினாரல்லர். பயணம் தொடங்குமுன் வண்டியின் அகலத்திற்குச் சரியாக ஒரு மூங்கிற் கோலை வெட்டி எடுத்துக்கொண்டு, குதிரை மீதேறி மலைவழிகளுக்குச் சென்றார். பாறைகள் நெருங்கிய இடந்தோறும் கோலைக் குறுக்கே பிடித்து, வண்டி நுழையுமா என அளந்தார். பெட்ரோலையும் எண்ணெயையும் ஒட்டகங்களின் மீதேற்றிப் பாலைவன நிலையங்களுக்கு முன்னதாகவே அனுப்பி வைத்தார். குதிரையையும் ஒட்டகத்தையும் வெல்ல வந்த புதுப்பொறி, அவற்றின் உதவியின்றி ஓரடியும் நகர இயலாதிருந்தது எத்துணை வியப்பு!

1907-ஆம் ஆண்டு சூன் 10-ஆம் நாள் காலை, ஐந்து வண்டிகளும் பீக்கிங்கிலிருந்து புறப்பட்டன. நகரைக் கடந்தவுடனே மலைகள் எதிர்ப்பட்டன. அங்கே சாலை என்பது, கோவேறு கழுதைகள் நடந்து நடந்து தேய்ந்த கல்வழியே. எந்திரத்தின் ஆற்றல் அவ்விடத்தில் பயன்படவில்லை. சீனக் கூலியாட்கள் கயிறு கட்டி, வண்டிகளை மேட்டில் இழுத்தனர். பள்ளத்தில் உருண்டு ஓடாமல் தம் உடலின் பளுவால் தடுத்து நிறுத்தினர். இவ்வாறு பெருஞ்சுவரைத் தாண்டிக் கால்கன் என்னும் ஊரை அடைந்தனர்.

அதன் பின்னர் விரிந்தது கோபிப் பாலைவனம். அங்கே வழிகாட்டியாக நின்றவை தந்திக் கம்பங்களே. கம்பத்திலிருந்து கம்பத்தைப் பார்த்து வண்டிகள் ஓடின. பாலையின் நடுவே இருந்த ஒரு தந்தி நிலையத்தில் பார்ட்ஸீனி தம் இதழுக்குச் செய்தி அனுப்பினார். அலுவலர் அதற்கு 'ஒன்று' என எண்ணிட்டார். 'இன்றைய முதல் தந்தியோ?' என்று கேட்டவருக்கு, நிலையம் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகியும் அங்கிருந்து அனுப்பப்படும் முதல் தந்தி அதுவே எனத் தெரிந்தது!

அப்பாலையிலேதான் ஒரு துயரமும் நேர்ந்தது. மூன்று சக்கரக் கோன்தாலைச் செலுத்திய ஒகுஸ்த் போன்ஸ் என்பவர் மணலில் பின்தங்கினார். பெட்ரோல் தீர்ந்தது, தண்ணீரும் தீர்ந்தது. முன்சென்ற வண்டிகள் திரும்பி வரவில்லை. அவரும் துணைவரும் கொடிய வெயிலில் தளர்ந்து, உயிர் பிழைப்பதே அரிது என்ற நிலையை எய்தினர். அப்போது அவ்வழி வந்த நாடோடி மக்கள் அவர்களைக் கண்டு காப்பாற்றினர். அம்மக்கள் போட்டியை அறியார். மோட்டார் வண்டியையும் அறியார். நாவறண்டு கிடப்பவனுக்கு நீர் தரவேண்டும் என்பதை அறிந்திருந்தனர். பந்தயத்தில் ஓடியவர் மறந்ததை, பாலையில் வாழ்ந்தவர் மறந்திலர்.

இத்தாலா வடக்கே ஊர்கா நகரைக் கடந்து இரசிய எல்லையுள் புகுந்தது. சைபீரியாவில் மணலுக்கு மாறாகச் சேறு காத்திருந்தது. இருப்புப்பாதை வந்தபின் பழைய நெடுஞ்சாலை பேணுவாரற்றுச் சிதைந்து கிடந்தது. பைக்கால் ஏரிக்கு அருகே ஒரு பழைய மரப்பாலத்தின் மீது சென்றபோது, பலகைகள் முறிந்தன. வண்டி பின்புறமாகக் கீழே சரிந்து விழுந்தது. மூவரும் உயிர் தப்பியது பெரும்பேறே. இருப்புப்பாதைத் தொழிலாளர் விரைந்து வந்து, உத்தரங்களும் கயிறுகளும் கொண்டு வண்டியை மேலே தூக்கினர். குயிட்ஸார்டி எந்திரத்தைத் துடைத்துச் சீர்செய்து முடுக்கினார். அஃது உயிர்பெற்று முழங்கிற்று. சாலை பயன்படாத இடத்தில், இசைவு பெற்று, இருப்புப்பாதையின் மீதே வண்டியை ஓட்டிச் சென்றனர்.

யூரல் மலைப் பகுதியில் வேறோர் இடர் நேர்ந்தது. மரத்தால் ஆன சக்கரம் ஒன்று உலர்ந்து, அதன் ஆரங்கள் ஆட்டங் கண்டன. மரம் ஊறி இறுகுமென எண்ணி அதனை நீரில் அமிழ்த்தி வைத்தனர். அதுவும் நெடிது பயன்படவில்லை. ஈற்றில் அச்சக்கரம் முற்றும் சிதைந்தது. அந்நிலையில் உதவியவர் சிற்றூர்த் தச்சர் ஒருவர். அவர் கையில் இருந்த கருவி பெரும்பாலும் ஒரு கோடரியே. அதனைக் கொண்டே புதிய சக்கரம் ஒன்றைச் செதுக்கித் தந்தார். இத்தாலியின் தொழிற்சாலையில் தோன்றிய வண்டி, இரசியச் சிற்றூரில் தோன்றிய சக்கரத்தின் மீது மீண்டும் ஓடிற்று.

பின்னர் மாஸ்கோவை அடைந்தனர். அங்கிருந்து நேர்வழியே செல்லாமல், தம்மை வரவேற்கக் காத்திருந்த செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்குச் சுற்றிச் சென்று விருந்துண்ணும் அளவுக்கு அவர்கள் முந்தியிருந்தனர். 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள், இத்தாலா பாரிசுள் நுழைந்தது. ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர் தொலைவை இரண்டு திங்களில் கடந்த அவ்வண்டியைப் பெருந்திரளான மக்கள் ஆரவாரத்துடன் வரவேற்றனர். ஏனைய மூன்று வண்டிகளும் அத்திங்கள் இறுதியில்தான் வந்து சேர்ந்தன. அடுத்த ஆண்டு பார்ட்ஸீனி இப்பயணத்தை நூலாக வெளியிட்டார். இத்தாலா வண்டி இன்றும் தூரின் நகரத்து மோட்டார் வண்டிக் காட்சிச்சாலையில் பேணப்பெறுகின்றது.

மாணவர்களே! இவ்வெற்றி யாருடையது? வகுத்தும் அளந்தும் முன்னறிந்து செயற்பட்ட இளவரசருடையது எனலாம். அல்லும் பகலும் எந்திரத்தைக் காத்த குயிட்ஸார்டியுடையது எனலாம். ஆயின், மலையில் கயிறு இழுத்த கைகளை எங்ஙனம் மறப்பது? பாலத்தினடியிலிருந்து வண்டியைத் தூக்கிய தோள்களையும், கோடரியால் சக்கரம் செதுக்கிய விரல்களையும் எங்ஙனம் மறப்பது? அவர்தம் பெயர்கள் வெற்றிப் பட்டியலில் இல்லை. மோட்டார் வண்டி இருந்தால் மனிதன் எங்கும் செல்லலாம் என்று காட்டவே அப்பயணம் தொடங்கிற்று. மனிதனுக்கு மனிதன் துணை நின்றால்தான் மோட்டார் வண்டியும் செல்லும் என்பதைக் காட்டி அது முடிந்தது.