நாம் வாழும் மாநிலத்தை அறிவோம்: மைசூரிலிருந்து ராமாபுரம் வரை



ஞாயிறு தமிழ் வகுப்பில் பிள்ளைகளிடம் "தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் யார்?" என்று நான் கேட்டால் பத்துக் குரல்கள் ஒன்றாக விடை சொல்கின்றன. "சோமநாதபுரம் கோயில் யார் காலத்தது?" என்றால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. தஞ்சை இங்கிருந்து ஓர் இரவுப் பயணம். சோமநாதபுரமோ மைசூரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர்தான். ஆண்டுக்கு ஒரு முறை விடுமுறைக்குப் போகும் ஊரைப் பற்றித் தெரிகிறது. ஆண்டு முழுதும் வாழும் ஊரைப் பற்றித் தெரியவில்லை.

இது பொது அறிவுக் குறைபாடு மட்டும் அன்று. "நாங்கள் வெளியூர்க்காரர்கள்" என்ற எண்ணம் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்கிறது. இங்கே பிறந்து, இங்கே படித்து, இங்கேயே வேலைக்குப் போகப்போகும் பிள்ளை தன்னை விருந்தாளியாக எண்ணினால், ஊரில் சிறு சலசலப்பு வந்தாலும் அதன் மனம் நடுங்கும். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையை ஒட்டி நடந்த கலவரத்தை நேரில் கண்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த மாநிலத்தின் வரலாறே தனிப் பாடம். அங்கு குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையும் அதைத் தன் மாநில வரலாறாகவே படிக்கிறது. நாமும் அப்படி ஒரு பாடம் தொடங்கலாம். இரண்டு நாள் ஒதுக்கினால் போதும். மைசூரில் புறப்பட்டு, சோமநாதபுரம், தலக்காடு, சிவசமுத்திரம், கொள்ளேகால், ஹனூர் வழியாக ராமாபுரம் சென்று, மாதேஸ்வரன் மலையில் முடிப்போம்.

1. சோமநாதபுரம்

இங்குள்ள கேசவர் கோயில் 13ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. கட்டியவர் சோமநாதர் என்ற ஹொய்சள தண்டநாயகர். அப்போது அரசர் மூன்றாம் நரசிம்மர். நட்சத்திர வடிவ மேடைமேல் மூன்று கருவறைகள் உள்ளன. மாக்கல் என்று நாம் சொல்லும் மென்மையான கல்லில் நகை வேலை போலச் செதுக்கியிருக்கிறார்கள். சிற்பங்களின் அடியில் சிற்பிகள் தங்கள் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். மல்லிதம்மா என்ற பெயரைப் பிள்ளைகளைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். 2023இல் பேலூர், ஹளேபீடு கோயில்களுடன் இதுவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

தமிழ்ப் பிள்ளைகள் இங்கே ஒரு செய்தியைக் கட்டாயம் அறிய வேண்டும். நரசிம்மரின் தந்தை சோமேசுவரர் திருச்சிக்கு அருகே, சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரில் தலைநகர் அமைத்து ஆண்டவர். அவர் தம் நாட்டை இரு மைந்தருக்கும் பிரித்துக் கொடுத்தார். நரசிம்மர் கன்னட நாட்டை ஆண்டார். இன்னொரு மைந்தர் இராமநாதர் கண்ணனூரிலிருந்து தமிழ்ப் பகுதியை ஆண்டார். நாம் அம்மனைத் தரிசிக்கப் போகும் சமயபுரமும், இந்தச் சோமநாதபுரமும் ஒரே அரச குடும்பத்தின் கதையில் வருகின்றன.

2. தலக்காடு

காவிரிக் கரையில் மணல் மூடிய ஊர். கங்க மன்னர்களின் தலைநகராக இருந்தது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் வசமாகி, ராசராசபுரம் என்று பெயர் பெற்றது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1116-17 அளவில், ஹொய்சள விஷ்ணுவர்த்தனர் சோழரை வென்று இதைக் கைப்பற்றினார். 'தலக்காடு கொண்டவர்' என்ற விருதையும் சூடிக்கொண்டார். வெற்றியின் நினைவாக எழுந்ததே கீர்த்திநாராயணர் கோயில்.

இங்கே தமிழ்க் கல்வெட்டுகளும் உள்ளன. ஆனால் "அந்தக் காலத்தில் இது நம்முடையது" என்று பெருமை பேசப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டாம் என்பது என் வேண்டுகோள். இன்று வென்றவர் நாளை தோற்பார். மன்னர் மாறிய பின்னும் கோயிலில் விளக்கு எரிந்தது. உழவர் அதே வாய்க்கால் நீரைப் பாய்ச்சினார். மைசூர் அரசில் தொல்லியல் துறையை நடத்திய பி. லூயிஸ் ரைஸ் என்பவர் 'எபிகிராபியா கர்னாடிகா' என்ற வரிசையில் இம்மாநிலக் கல்வெட்டுகளைத் தொகுத்தார். 1886இல் தொடங்கிய அந்த வரிசையில் கன்னடக் கல்வெட்டுகளோடு தமிழ்க் கல்வெட்டுகளும் இடம்பெற்றன.

3. சிவசமுத்திரம்

காவிரி இங்கே இரு கிளையாகப் பிரிந்து ககனசுக்கி, பரசுக்கி என்ற அருவிகளாக விழுகிறது. ஆடி மாத வெள்ளத்தில் பார்ப்பது கண்கொள்ளாக் காட்சி. தண்ணீர் நிறைந்த நாளில் பிள்ளைகளைக் கைப்பிடித்து நிறுத்துங்கள், பாறை வழுக்கும்.

இந்த அருவியின் நீரால் 1902இல் மின்சாரம் எடுத்தார்கள். அந்த மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியாகக் கோலார் தங்கவயலுக்குப் போனது. அந்நாளில் உலகிலேயே மிக நீண்ட மின் பாதைகளில் அதுவும் ஒன்று. பெங்களூருக்கு மின்விளக்கு வந்தது அதற்குப் பின், 1905இல். திட்டத்துக்குத் துணை நின்றவர் மைசூர் திவான் சர் கே. சேஷாத்ரி ஐயர். தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்து, 1883 முதல் 1901 வரை திவானாக இருந்தவர். மின்சாரம் ஓடுவதைக் காணும் முன்பே, 1901இல் மறைந்தார்.

அந்த மின்சாரத்தால் இயங்கிய சுரங்கங்களில் ஆழத்தில் இறங்கி வேலை செய்தவர்களில் பெருந்தொகையினர் வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. திவானின் பெயர் பெங்களூரில் சேஷாத்ரிபுரமாக நிற்கிறது. சுரங்கத்தில் உழைத்தவர்களின் பெயரை எந்தத் தெருவும் தாங்கவில்லை. அதனால் இந்த அருவியின் முன் நின்று அவர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்வது நம் கடமை என்று நினைக்கிறேன்.

4. கொள்ளேகாலும் ராமாபுரமும்: நகர்ந்த எல்லை

இந்தப் பாடத்தின் மையப் பகுதி இதுதான். பட்டுக்குப் பெயர்பெற்ற கொள்ளேகாலைத் தாண்டி, ஹனூர் வழியாகப் போனால் மலையடிவாரத்தில் ராமாபுரம் வருகிறது. பார்ப்பதற்குச் சாதாரண ஊர். அரண்மனை இல்லை, கோட்டை இல்லை. டீக்கடையில் உட்கார்ந்தால் ஒரு மேசையில் கன்னடமும் அடுத்த மேசையில் தமிழும் கேட்கும். ஒரே ஆள் இரண்டிலும் மாறி மாறிப் பேசுவார். பக்கத்து மார்டள்ளியில் தமிழ் பேசும் கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைய. மலைக்காட்டில் சோலிகர் என்ற பழங்குடியினர். சற்றுத் தள்ளி ஒடெயர்பாளையத்தில் 1970களில் அமைந்த திபெத்தியர் குடியிருப்பு.

இந்தக் கலப்புக்குக் காரணம் என்ன? 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் போரில் மாண்டார். அவர் நாட்டைப் பங்கிட்டபோது கொள்ளேகால் பகுதி ஆங்கிலேயர் கைக்குப் போனது. அது சென்னை மாகாணத்தில், கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு தாலுகாவாக இருந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக ராமாபுரத்து மக்களுக்கு மாவட்டத் தலைநகர் கோயம்புத்தூர்; மாகாணத் தலைநகர் சென்னை.

மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது, இந்தத் தாலுகாவில் கன்னடம் பேசுவோர் பெரும்பான்மை என்பதால், 1956 நவம்பர் 1 அன்று இது மைசூர் மாநிலத்தோடு சேர்ந்து மைசூர் மாவட்டத்துக்குள் வந்தது. 1973 நவம்பர் 1 அன்று மாநிலத்தின் பெயர் கர்நாடகம் ஆயிற்று. 1997இல் மைசூர் மாவட்டத்தைப் பிரித்துச் சாமராஜநகர் மாவட்டம் அமைத்தபோது ராமாபுரம் அதற்குள் போனது.

கணக்குப் பாருங்கள். 1950இல் ராமாபுரத்தில் பிறந்து, அதே வீட்டிலேயே குடியிருக்கும் ஒரு பாட்டி கோயம்புத்தூர் மாவட்டம், மைசூர் மாவட்டம், சாமராஜநகர் மாவட்டம் என்று மூன்று மாவட்டங்களிலும், சென்னை, மைசூர், கர்நாடகம் என்று மூன்று பெயர்கொண்ட மாநிலங்களிலும் வாழ்ந்தவர் ஆகிறார். ஆனால் அவர் எங்கும் குடிபெயரவில்லை. 1848இல் மெக்சிகோவிடமிருந்து கலிபோர்னியாவும் நியூ மெக்சிகோவும் அமெரிக்காவுக்குப் போனபோது அங்கிருந்த குடும்பங்களுக்கும் இதுவே நடந்தது. ஒரு நாட்டில் உறங்கி, இன்னொரு நாட்டில் கண்விழித்தார்கள்.

நம்மில் பலர் வேலை தேடி இங்கு வந்தவர்கள்தாம். ஆனால் கர்நாடகத்துத் தமிழர் எல்லாரும் வந்தவர்கள் அல்லர் என்பதை ராமாபுரம் காட்டுகிறது. எல்லைக்கு அப்பால் ஓசூர், தாளவாடிப் பக்கங்களில் கன்னடம் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. இங்கே நாம் எப்படி நடத்தப்பட வேண்டும் என்று விரும்புகிறோமோ, அங்கே அவர்களும் அப்படி நடத்தப்பட வேண்டும்.

5. காட்டின் துயர ஆண்டுகள்

ராமாபுரம் என்றதும் பெரியவர்களுக்கு நினைவு வருவது 1992 மே மாதம். வீரப்பன் கும்பல் ராமாபுரம் காவல் நிலையத்தைத் தாக்கியதில் காவலர் ஐவர் உயிரிழந்தனர். மறு ஆண்டு, 1993 ஏப்ரல் 9 அன்று, பாலாறு அருகே கண்ணிவெடியில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2004 அக்டோபர் 18 அன்று வீரப்பன் கொல்லப்படும் வரை இந்த மலை கிராமங்களுக்கு நிம்மதி இல்லை.

திரைப்படம் பார்த்துவிட்டு இந்தக் கதையை வீரக்கதையாகப் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். ஒன்று, இறந்த காவலர்களுக்கும் வனத்துறையினருக்கும் குடும்பங்கள் இருந்தன. மற்றொன்று, தேடுதல் வேட்டையில் எல்லையின் இருபுறமும் சாதாரணக் கிராமத்தார் துன்புறுத்தப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழு அவற்றை விசாரித்தது. பாதிக்கப்பட்டோருக்குப் பின்னர் இழப்பீடும் வழங்கப்பட்டது. அடிபட்டவர்களில் தமிழரும் உண்டு, கன்னடரும் உண்டு, சோலிகரும் உண்டு.

6. மாதேஸ்வரன் மலை

பயணத்தின் முடிவில் மலை. கன்னடத்தில் மலெ மஹதேஸ்வரர். நம் சேலம், ஈரோடு, தருமபுரி மக்களுக்கு மாதேஸ்வரன். புலிமேல் வரும் தெய்வம். எழுபத்தேழு மலைகளின் நாயகர் என்று பாடுவார்கள். கம்சாளெ என்ற வெண்கலத் தாளத்தைத் தட்டி, அடியார்கள் அவர் கதையை இரவு முழுதும் பாடுவது இம்மாநிலத்தின் பெரிய நாட்டார் கலைகளுள் ஒன்று. திருவிழாவில் இரு மாநிலத்து மக்களும் ஒரே வரிசையில் நிற்பதைக் காணலாம்.

7. ஊர்ப்பலகையில் ஒரு மொழிப் பாடம்

வழியில் பிள்ளைகள் சலித்துக்கொண்டால் இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுங்கள். தமிழில் 'ப' என்று தொடங்கும் பல சொற்கள் இன்றைய கன்னடத்தில் 'ஹ' ஆகும். பால் - ஹாலு. புலி - ஹுலி. பத்து - ஹத்து. பூ - ஹூவு. பள்ளி - ஹள்ளி. பழைய கன்னடத்தில் இவையும் 'ப'தான். இதைத் தெரிந்துகொண்டால் ஒகேனக்கல் புரிந்துவிடும்: ஹொகெ என்பது புகை, புகை எழும் கல். ஓசூரும் புரியும்: ஹொச என்றால் புது, அது ஒரு புத்தூர். நம் 'வ' அங்கே 'ப' ஆகும். வில் - பில்லு. வேர் - பேரு. வெள் - பிளி. எனவே பிளிகிரி என்பது வெள்ளை மலை.

இரண்டு மணி நேரத்தில் ஒரு பிள்ளை இருபது சொற்கள் கற்றுக்கொள்ளும். கன்னடம் கற்றால் தமிழ் கெட்டுவிடும் என்று அஞ்சும் பெற்றோருக்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்வேன்: இந்த விளையாட்டு ஆடிய பிள்ளைகள் தமிழ்ச் சொற்களையும் முன்னைவிடக் கூர்ந்து கவனிக்கிறார்கள்.

மாணவர்களுக்குப் பயிற்சி

1. சோமநாதபுரம் கோயில் கட்டப்பட்டபோது கண்ணனூரை ஆண்டவர் யார்? அவருக்கும் மூன்றாம் நரசிம்மருக்கும் என்ன உறவு?
2. சிவசமுத்திரம் மின்சாரம் முதலில் எங்கே சென்றது? அங்கே உழைத்தவர்கள் யார்?
3. 1956 நவம்பர் 1க்கு முன் ராமாபுரம் எந்த மாவட்டத்தில் இருந்தது?
4. 'ப', 'ஹ' மாற்றத்துக்கு இன்னும் ஐந்து எடுத்துக்காட்டுகள் தேடி எழுதுக.
5. உங்கள் குடும்பம் இந்த மாநிலத்துக்கு எந்த ஆண்டு, எந்த ஊரிலிருந்து, எதற்காக வந்தது? தாத்தா பாட்டியிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதுக. பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்திடமும் இதே கேள்வியைக் கேட்டு எழுதுக.

ஐந்தாம் கேள்விக்கான விடைகளைச் சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள். அவற்றைத் தொகுத்து வைத்தால், நம் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு இந்த மாநில வரலாற்றில் நம் பக்கமும் ஒன்று எழுதப்பட்டிருக்கும்.