கோபிநத்தத்தில் ஒரு நாள்: குழுப் பயணத்துக்கு எந்த வழி?

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, காவிரிக்கு மேற்கே, வறண்ட காட்டின் நடுவில் இருக்கிறது கோபிநத்தம். 1997 வரை மைசூரு மாவட்டத்தில் இருந்த ஊர் இது. அந்த மாவட்டம் பிரிந்தபின் சாமராஜநகர் மாவட்டத்தில் சேர்ந்தது. அலுவலகம் கன்னடத்தில் நடக்கும். அடுப்படியில் பேசுவது தமிழ். மேட்டூரிலிருந்து பாலாறு சோதனைச்சாவடி வழியாகவும், கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலை வழியாகவும் இங்கு வரலாம். இந்தப் பாலாறு வேலூர்ப் பாலாறு அல்ல. மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேல்முனையருகே காவிரியில் சேரும் காட்டாறு. ஊரைத் தாண்டிப் போகும் சாலை ஒகேனக்கல்லின் கர்நாடகக் கரையில் போய் முடிகிறது. அங்கே காவிரி, அகன்ற ஆறாக வந்து, பாறைப் பிளவுக்குள் விழுந்து, செங்குத்துச் சுவர்களுக்கு நடுவே ஓடுகிறது.

மணல் பரந்த பாலைவனம் இங்கு இல்லை. தமிழ் மரபு சொல்லும் பாலை இருக்கிறது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து பாலையாகின்றன என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். வேனிலும் நண்பகலும் அதன் பொழுதுகள் என்று இலக்கணம் வகுத்தது. மார்ச் மாதத்தில் கோபிநத்தம் காட்டைப் பார்த்தவருக்கு அந்த விளக்கத்துக்கு உரை தேவையில்லை. இலையுதிர்ந்த மரங்கள், கிளுவை, சதுரக்கள்ளி, வெடித்த மண். ஆற்றோரத்தில் மட்டும் நீர்மருது பச்சையாக நிற்கும். 

சேலம், தர்மபுரி, ஈரோடு, பெங்களூரு கல்லூரிகளிலிருந்து மாணவர் குழுக்கள் ஒரு நாள் பயணமாக இங்கு வருகின்றன. அவர்கள் தேர்ந்தெடுக்கும் விதத்தில்தான் குறை. கைபேசியில் பார்த்த முப்பது நொடிக் காட்சி ஒரு பக்கம் இழுக்கிறது. இன்னொரு பக்கம் வீட்டிலிருந்து, ‘காட்டுல எறங்கி நடக்காதே, வண்டியிலேயே போயிட்டு வண்டியிலேயே வந்துரு’ என்கிறார்கள். இரண்டும் சேர்ந்து குழுவைக் கொண்டுபோய் நிறுத்துவது ஒரே இடத்தில்: சொந்த வண்டியில் காட்டுத்தடம் ஏறும் பயணத்தில். இங்கு வழி நான்கு இருக்கிறது.

பரிசல்

பிளவுக்குள் நுழைந்து சுவர்களை அண்ணாந்து பார்க்கப் பரிசலைவிட எளிய வழி இல்லை. மூங்கில் பின்னலின்மேல் தார் பூசிய உறை போர்த்திய வட்டத் தோணி அது. முன்பு தோல் போர்த்தினார்கள். நான்கைந்து பேர் உட்காரலாம். நடக்க முடியாதவரும் முதியவரும் குழுவில் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம்.

பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது. கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளில் திறந்துவிடும் நீர் பிலிகுண்டுலு அளவை நிலையத்தில் அளக்கப்பட்டு, வினாடிக்கு இத்தனை கன அடி என்று நாளிதழில் வருகிறது. ஆடி மாதம் நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை விழும். கோடையில் நீர் குறைந்தால் பரிசல் ஓட்டிகள் தோணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாறையைக் கடப்பார்கள். பயணிகள் பின்னால் நடக்க வேண்டும். மிதவைச் சட்டையைப் புகைப்படத்துக்காகக் கழற்றக் கூடாது. ஆற்றில் முதலை உண்டு. பாறைக்கு அடியில் இழுக்கும் சுழலும் உண்டு.

வனத்துறை வண்டி

காவிரி வனவிலங்குச் சரணாலயம் 1987-இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் விரிவடைந்து இன்று 1,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டுகிறது. கோபிநத்தம் அதன் வனச்சரகங்களில் ஒன்று. அனுமதிக்கப்பட்ட தடத்தில் துறையின் வண்டியில் போய்வருவது, நேரம் குறைந்த குழுவுக்குப் பொருந்தும். காலையிலோ மாலையிலோ புறப்பட வேண்டும். விலங்கைக் கட்டாயம் காணலாம் என்ற எண்ணத்தோடு போகிறவர் ஏமாறுவார். இது வறண்ட காடு. மேய்ச்சல் பரந்து கிடப்பதால் விலங்குகளும் பரந்து கிடக்கும்.

சொந்த வண்டியில் காட்டுத்தடம்

மாணவர்கள் ‘ஆஃப்ரோடு’ என்று சொல்லும் இந்த வழிக்குக் கிடைத்திருக்கும் பெயர், அதன் தகுதியைவிடப் பல மடங்கு பெரியது. ஆகவே இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் சட்டம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 27-ஆம் பிரிவு சரணாலயத்துக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்துகிறது. 28-ஆம் பிரிவு அனுமதிச் சீட்டைப் பற்றிப் பேசுகிறது. பொதுச் சாலையில் போவதற்குத் தடையில்லை. சாலையை விட்டு ஒரு வண்டித்தடத்தில் சக்கரம் இறங்கிய நொடியில் அது குற்றம். ‘தடம் இருக்கிறதே, யாரோ போயிருக்கிறார்களே’ என்ற வாதம் எடுபடாது. அந்தத் தடம் வனத்துறை ரோந்துக்கும் ஆனைக்கும் உரியது. வழக்கு விழுந்தால் வண்டியையும் பறிமுதல் செய்ய முடியும். இருபது வயதில் வனக்குற்ற வழக்கு ஒருவர் பெயரில் விழுந்தால், வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

இரண்டாவது நெருப்பு. கோடையில் இடுப்பளவு உலர்ந்த புல்லின்மேல் நிறுத்திய வண்டியின் புகைக்குழாய்ச் சூடு போதும், காடு பற்றிக்கொள்ள. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்கள் நடந்து போனவர்கள். ஆனால் காய்ந்த புல்லில் தீ எவ்வளவு விரைவாக மலையேறும் என்பதை அந்த ஒரு நாள் தமிழ்நாட்டுக்கே காட்டியது.

மூன்றாவது, இந்த வழிக்குத் தேவையான திறமையை யாரும் நேர்மையாகச் சொல்வதில்லை. மணலில் இறங்குமுன் சக்கரக் காற்றைக் குறைக்க வேண்டும். மேட்டுக்கு வந்ததும் மறுபடி ஏற்ற வேண்டும். ஓடை குறுக்கிட்டால் ஒருவர் முன்னால் நடந்து ஆழமும் அடித்தரையும் பார்க்க வேண்டும். தாழ்ந்த கியரில், கிளட்சை மிதிக்காமல், எந்திரத்தின் இழுவையிலேயே இறங்கத் தெரிய வேண்டும். சிக்கினால் இழுக்க இன்னொரு வண்டியும் தடித்த வாரும் வேண்டும். முறையான பயிற்சித் தளத்தில் பல நாள் பழகியபின் வர வேண்டிய வித்தை இது. நெடுஞ்சாலையில் நன்றாக ஓட்டுவதற்கும் இதற்கும் உறவு கொஞ்சம்தான்.

பாலாற்றுப் பக்கம் ஒரு மாணவர் குழு இப்படி நின்றதைப் பார்க்க நேர்ந்தது. பத்துப் பேர், மூன்று வண்டிகள். முதல் வண்டி காய்ந்த ஆற்றுமணலில் அச்சுவரை இறங்கிவிட்டது. ஓட்டியவர் மேலும் மேலும் மிதிக்க, சக்கரம் சுழன்று குழி ஆழமானது. கிளட்ச் கருகிய நாற்றம் ஆற்றைத் தாண்டி வந்தது. அக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்தார். சக்கரத்தின் முன் மணலைக் கையாலேயே வாரி, காய்ந்த குச்சிகளைப் பரப்பி, ‘இப்ப மெதுவா வுடு தம்பி, முறுக்காதே’ என்றார். வண்டி ஏறிவிட்டது. ஆனால் மணி இரண்டு. கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்திருந்தது. பிளவையும் ஆற்றையும் பார்க்காமலே அந்தக் குழு திரும்பியது. அன்று அவர்கள் பார்த்தது ஒரு சக்கரத்தை மட்டுமே.

இந்த வழியின் உள்ளார்ந்த குறை அதுதான். பத்துப் பேர் போனால் மூவர் ஓட்டுகிறார்கள். ஏழு பேர் காத்திருக்கிறார்கள். எந்திரச் சத்தத்தில் பறவை கேட்காது. மூடிய கண்ணாடிக்குள் காட்டின் வாசனை வராது. வீட்டார் நினைக்கும் பாதுகாப்பும் இதில் இல்லை. பழகாத தடத்தில், கைபேசி எட்டாத இடத்தில், தெரியாத கையில் இருக்கும் வண்டி, நடையைவிட ஆபத்தானது.

இதனுடன் இன்னொரு மோகமும் ஒட்டிக்கொள்கிறது: ‘வீரப்பன் காட்டில் வண்டி ஓட்டினோம்’ என்ற பெருமை. சந்தனமரக் கடத்தல்காரர் வீரப்பன் பிறந்தது கோபிநத்தத்தில்தான். ஆனால் 2004 அக்டோபர் 18 அன்று சுட்டுக்கொல்லப்பட்டபின் அவர் உடல் புதைக்கப்பட்டது மேட்டூர் அருகே மூலக்காட்டில். கோபிநத்தத்தில் அறிந்துகொள்ள வேண்டிய பெயர் வேறு. வன அதிகாரி பி. ஸ்ரீனிவாஸ் இந்த ஊர் மக்களோடு பழகி, அவர்களுக்கு மாரியம்மன் கோயில் கட்டிக்கொடுத்து, 1991 நவம்பர் 10 அன்று வீரப்பன் கும்பலால் கொல்லப்பட்டார். அவருக்குக் கீர்த்தி சக்ரா விருது வழங்கப்பட்டது. பாலாறு அருகே 1993 ஏப்ரல் 9 அன்று அதே கும்பல் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் இறந்தனர். காவல்துறைக்கும் வீரப்பன் கும்பலுக்கும் நடுவில் மாட்டி இந்த ஊர்க்காரர்கள் பட்ட பாடு வேடிக்கைக் கதையாகும் வகையைச் சேர்ந்ததல்ல. வருகிறவர்கள் கோயிலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போகலாம்.

வழிகாட்டியுடன் நடை

நான்கு வழிகளில் ஒரு நாளுக்கு முழுப் பயன் தருவது இதுதான். கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனத்துக்குக் கோபிநத்தத்தில் கூடாரத் தங்குமிடம் உண்டு. அதன் வழியாகவோ, வனத்துறை அலுவலகம் வழியாகவோ அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் முன்கூட்டியே பெற வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் நடக்க விரும்புவோருக்கு, 2024 அக்டோபரில் 40 தடங்களுடன் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் இருக்கிறது. காட்டுத்தீ காலத்தில் தடங்கள் மூடப்படும். அந்தத் தடையை மதிப்பது குரங்கணியில் இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை.

ஊர்க்காரர் ஒருவர் முன்னே நடக்கும்போது காடு படிக்கக்கூடிய ஏடாகிறது. அவர் குனிந்து ஆனை இலத்தியைக் குச்சியால் பிரித்துக் காட்டுவார். உள்ளே ஈரமும் மூங்கில் நாரும் இருந்தால் காலையில் போனது. கறையான் ஏறியிருந்தால் போய் நாளாகிவிட்டது. பின்னால் பேச்சு உயர்ந்தால், ‘சத்தம் வேண்டாம் தம்பி, காத்து நம்ம பக்கமிருந்து போகுது’ என்பார். ‘அண்ணே, இன்னும் எவ்வளவு தூரம்?’ என்று கேட்டால், ‘தூரத்தைக் கேக்காதீங்க, வெயில் ஏறுறதுக்குள்ள நிழலுக்குப் போயிரலாம்’ என்று பதில் வரும். காட்டில் தூரத்தை நிழலால் அளக்கிறார்கள். இதை எந்த வண்டியும் கற்றுத் தராது. ஆற்றோர நீர்மருது மரங்களில் சாம்பல்நிற மலை அணிலையும், அதிர்ஷ்டமிருந்தால் நீர்நாயையும் காணலாம். சத்தமில்லாமல் வந்தவர்களுக்கே அவை கண்ணில் படும்.

காலமும் தயாரிப்பும்

அக்டோபர் இறுதியிலிருந்து ஜனவரி வரை ஏற்ற காலம். புல் இன்னும் முழுதாகக் காய்ந்திருக்காது. விடியும்போது நடக்கத் தொடங்கி, பதினொரு மணிக்குள் நிழல் சேர வேண்டும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், கொஞ்சம் உப்பு, கணுக்காலை மூடும் காலணி, மங்கிய நிற உடை. பொது டப்பாவில் தண்ணீர் கொண்டுபோவது தவறு. அவரவர் முதுகில் அவரவர் தண்ணீர் இருக்க வேண்டும். உணவாகப் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் போதும். காட்டுக்குள் அடுப்பு மூட்டுவது குற்றம்.

பிளவுக்குள் இறங்குபவர் ஒன்றை மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். தலைக்குமேல் வானம் தெளிவாக இருந்தாலும் தண்ணீர் உயரலாம். குடகில் பெய்த மழையும் அணையில் திறந்த நீரும் இங்கு வந்துசேரும்போது எச்சரிக்கை கேட்க நேரம் இருக்காது. நீர் கலங்கி, மிதக்கும் சருகு கூடினால் உடனே மேலே ஏறிவிட வேண்டும்.

யாருக்கு எது

முதியவரும் குழந்தைகளும் உள்ள குடும்பத்துக்குப் பரிசல். அரை நாள் மட்டும் உள்ளவர்களுக்கு வனத்துறை வண்டி. பத்துப் பேருக்கு உட்பட்ட, நாலைந்து மணி நேரம் நடக்கக்கூடிய மாணவர் குழுவுக்கு நடை; மாலையில் பரிசலையும் சேர்த்துக்கொள்ளலாம். வண்டி ஓட்டுவதிலேயே உண்மையான நாட்டம் உள்ளவர்கள் பயிற்சித் தளத்தில் ஓராண்டு பழகட்டும். அதன்பின்னும் அவர்களுக்குரிய இடம் தனியார் நிலம்தான், சரணாலயம் அல்ல.

பயணத்தைத் தேர்வதும் படிப்பைத் தேர்வதும் ஒரே பழக்கத்திலிருந்து வருகின்றன. ஊரே ஓடும் பக்கம் ஓடுவது, வீட்டார் சொன்னதற்காகத் தலையாட்டுவது, இரண்டிலும் தன் உடம்புக்கும் மனத்துக்கும் எது இயலும் என்ற கேள்வி விடுபட்டுப்போகிறது. குழுவில் மெதுவாக நடப்பவர் யாரோ அவருடைய வேகமே குழுவின் வேகம். அதை ஏற்கும் பொறுமை வந்துவிட்டால் பாதிப் பயணம் முடிந்ததுபோல. கோபிநத்தத்துக்கு வரும் மாணவர்களுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: வண்டியைச் சாலையோரம் நிறுத்துங்கள், ஊர்க்காரர் ஒருவரை முன்னே விடுங்கள், அவர் பின்னால் நடங்கள்.