துகள் இயற்பியல்: தானே பயில ஒரு வழி

அணுவுக்குள்ளும் அதற்கு உள்ளும் என்ன இருக்கிறது என்னும் கேள்வி முதலாம் ஆண்டிலேயே என்னைப் பற்றிக்கொண்டது. பாடத்திட்டத்தில் அடிப்படைத் துகள்களுக்குச் சில பக்கங்களே இடம். எனவே நானே படித்துவிடுவதென்று துணிந்தேன். கிடைத்த எளிய நூல்களையெல்லாம் படித்தேன். குவார்க்குகள் ஆறு, லெப்டான்கள் ஆறு, ஹிக்ஸ் துகள் அறிவிக்கப்பட்ட ஆண்டு 2012 என்று ஒப்பிக்கத் தேறினேன். துகள் இயற்பியலே வசப்பட்டுவிட்டதாக ஒரு மிதப்பும் வந்தது.

அந்த மிதப்பை எங்கள் விரிவுரையாளர் ஒரே கேள்வியில் இறக்கிவிட்டார். "தம்பி, மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ செகண்டு. காஸ்மிக் கதிர்களால் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கும் அது தரைக்கு எப்படி வந்து சேருகிறது?" என்றார். நான் விழித்தேன். ஒளியின் வேகத்தில் சென்றாலும் அந்நேரத்தில் கடக்கக்கூடிய தூரம் 660 மீட்டர்தானே! நான் அறிந்திருந்தவை பெயர்களே, இயற்பியல் அன்று.

அன்றிரவு சிறப்புச் சார்பியல் பாடத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒளியின் வேகத்தில் 99.875 விழுக்காட்டு வேகத்தில் வரும் மியூவானின் ஆயுள் நம் கடிகாரத்தில் 20 மடங்காக நீள்கிறது. 660 மீட்டர் 13 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடுகிறது. சராசரியைத் தாண்டி வாழ்பவையும் பல உண்டு. பின் தரையைத் தொடுவதில் வியப்பென்ன? பல மாதப் படிப்பு தராத தெளிவை அந்த நாலு வரிக் கணக்கு தந்தது.

அதன்பின் நான் வகுத்துக்கொண்ட வழியை நண்பர்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் அடித்தளம். சிறப்புச் சார்பியல், குவாண்டம் இயக்கவியல், இவற்றுக்கு வேண்டிய அணிகள், கலப்பெண்கள் ஆகிய மூன்றும் கைவர வேண்டும். இவை நம் வகுப்பறைப் பாடங்களே. தேர்வுக்காக மட்டும் படித்து மறந்ததுதான் நம் குறை.

அடுத்து அழிவின்மை விதிகள். நியூட்ரான் சிதைவை எடுத்துக்கொள்வோம். ஆற்றல் அளவில் நியூட்ரானின் நிறை 939.6, புரோட்டானின் நிறை 938.3, எலக்ட்ரானின் நிறை 0.5 மெகா எலக்ட்ரான் வோல்ட். கழித்தால் ஏறத்தாழ 0.8 மிஞ்சுகிறது, ஆகவே சிதைவு நடக்கிறது. தனித்த புரோட்டான் நியூட்ரானாக மாறுமா? நிறை போதாது, மாறாது. சிதைவில் வெளிப்படும் எலக்ட்ரான்கள் பல்வேறு ஆற்றலுடன் வந்ததைக் கண்டே, கண்ணுக்குத் தப்பிய மற்றொரு துகள் உண்டென்று 1930இல் பௌலி கருதினார். ரெய்ன்ஸும் கோவனும் நியூட்ரினோவைப் பிடித்துக் காட்டியது 1956இல். விதியின் மேல் வைத்த நம்பிக்கை 26 ஆண்டு காத்திருந்து வென்றது!

மூன்றாவதாக, ஒரே நூலைத் தேர்ந்து இறுதிவரை செல்வது. கிரிஃபித்ஸ் எழுதிய அடிப்படைத் துகள்கள் பற்றிய அறிமுக நூல் நம்மைப் போன்றோருக்கு ஏற்றது. ஃபைன்மன் வரைபடங்களை அதில் பழகிய பின்னரே புலக் கோட்பாட்டு நூல்களைத் தொட வேண்டும். நான் முதலிலேயே அவற்றைத் திறந்து, பத்தாம் பக்கத்தில் மூடிவைத்தவன்.

நான்காவதாக, கணக்கு. ஒவ்வோர் அதிகாரத்தின் இறுதியிலும் உள்ள கணக்குகளை விடையைப் பாராமல் போட வேண்டும். துகள்களின் நிறை, ஆயுள் முதலியவற்றைத் துகள் தரவுக் குழுவின் தொகுப்பில் இலவசமாகவே காணலாம்.

இத்துறை நமக்கு எட்டாத தொலைவில் உள்ளதென்று எண்ண வேண்டா. வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் அடையாளம் 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் பதிவாயிற்று. மியூவான்களைப் பாறையே வடிகட்டியதால்தான் அது இயன்றது.

நான் இன்னும் வாயிற்படியிலேயே நிற்கிறேன். என் குறிப்பேட்டில் அடித்துத் திருத்திய விடைகளே அதிகம். ஆயினும் இப்போது யாரேனும் கேட்டால், பெயர்ப் பட்டியலை ஒப்பிப்பதில்லை, பென்சிலை எடுக்கிறேன். நீங்களும் மியூவான் கணக்கை இன்றிரவே போட்டுப் பாருங்கள்.