பெயர் எழுதப்படாத தொழிலாளி

முன்னுரை

வரலாறு என்றதும் மன்னர்களும் தளபதிகளுமே நம் நினைவுக்கு வருகின்றனர். இரண்டாம் உலகப்போரைப் படிக்கும்போது நாடுகளின் பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுகிறோம். அப்போரில் துப்பாக்கி ஏந்தாமல், மண்வெட்டி ஏந்தி மாண்ட தமிழர்களும் உண்டு. பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து, பிறருடைய போருக்காக இருப்புப்பாதை போட்டு, காட்டிலேயே மடிந்த அத்தொழிலாளியின் வாழ்வை இக்கட்டுரையில் காண்போம்.

கடல் கடந்த வாழ்வு

மலேயாவில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது வேலைக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களின் சிற்றூர்களுக்குக் கங்காணிகள் வந்து ஆள் சேர்த்தனர். மழை பொய்த்த ஊர், கடன்பட்ட குடும்பம், நிலமற்ற கை ஆகிய மூன்றும் சேர்ந்து எளியவர்களைக் கப்பலேற்றின. நாகப்பட்டினத்தில் ஏறியவர்கள் பினாங்கில் இறங்கினர். அங்கே லயங்களில் குடியிருந்து, விடியுமுன் எழுந்து, பால்மரம் சீவிப் பிழைத்தனர். "நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவோம்" என்பதே பலருடைய கனவு.

போர் வந்தது

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் மலேயாவின் கோத்தபாரு கரையில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரப்பரை வாங்குவாரில்லை. தோட்டங்களில் வேலையில்லை, அரிசியில்லை. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று.

பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்கு உணவும் ஆயுதமும் கடல்வழியே சென்றன. நேச நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்களால் அவ்வழி ஆபத்தாயிற்று. எனவே சயாமின் பான்போங் என்னும் ஊரிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை, மலையும் காடும் நிறைந்த வழியில், 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைக்க ஜப்பானியர் முடிவு செய்தனர்.

போர்க் கைதிகளாகப் பிடிபட்ட படைவீரர் ஏறத்தாழ 60,000 பேரை இவ்வேலைக்கு அனுப்பினர். அது போதவில்லை. நல்ல கூலி, குறுகிய கால வேலை, குடும்பத்துக்கு வீடு என்று மலேயாவில் விளம்பரம் செய்தனர். பசித்திருந்த சிலர் நம்பிச் சென்றனர். சென்றவர் திரும்பாததைக் கண்டு மற்றவர் தயங்கியபோது வலுக்கட்டாயமாகப் பிடித்துச் சென்றனர். சரக்கு வண்டிகளில் அடைபட்டுச் சயாம் போய்ச் சேர்ந்தவர்கள், அங்கிருந்து காட்டுவழியே பல நாட்கள் நடந்தனர். பால்மரம் சீவிய கை, அன்றுமுதல் இரயில்பாதை போடும் கையாயிற்று.

காட்டிலே பட்ட பாடு

மரங்களை வெட்டுவதும், மண்ணைக் கூடையில் சுமந்து மேடு கட்டுவதும், பாறையை உடைப்பதும், கட்டைகளைச் சுமந்து பாலம் அமைப்பதும் அவர்கள் வேலை. இருக்க மூங்கில் குடிசை. உண்ண அளவுச் சோறு. 1943ஆம் ஆண்டு வேலையை விரைந்து முடிக்கும்படி ஆணை வந்தது. அதே வேளையில் பருவமழையும் வந்தது. மழையோடு காலரா வந்தது. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் முன்பே இருந்தன. மூங்கில் முள் கீறிய சிறு காயமும் புரையோடிக் காலையே அரித்தது.

1943 அக்டோபர் 17ஆம் நாள், இரு புறமிருந்தும் போடப்பட்ட பாதைகள் கொன்கொய்டா என்னுமிடத்தில் இணைந்தன. ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில் வேலை முடிந்தது. அதற்கு விலையாகப் போர்க் கைதிகள் 12,000 பேருக்கு மேல் இறந்தனர். தமிழர், பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர் முதலிய ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் ஏறத்தாழ 90,000 பேர் என்று மதிப்பிடுகின்றனர்.

ஏன் இந்த வேறுபாடு?

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். காடும் மழையும் நோயும் இரு சாராருக்கும் ஒன்றே. ஆயினும் படைவீரர் நடுவே மருத்துவர் இருந்தனர். மருந்தில்லாதபோதும், "தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், குடிசையைச் சுற்றித் தூய்மை காத்திடுங்கள்" என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தனர். இறந்தவரைக் குறித்து வைக்கவும் ஆள் இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கோ மருத்துவரில்லை, அதிகாரியில்லை, கேட்பாரில்லை. தாகத்துக்கு ஆற்றுநீரைக் குடித்தான். ஆறே காலராவைக் கொண்டுவந்தது. சுகாதாரம் என்பது வெறும் பாடமன்று, அது உயிர் என்பதை இதிலிருந்து நாம் உணர்கிறோம்.

கல்லும் பெயரும்

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 படைவீரர் துயில்கின்றனர். வரிசை வரிசையாகக் கற்கள். அடையாளம் தெரிந்தவர் ஒவ்வொருவருக்கும் பெயர் பொறித்த கல் உண்டு. தமிழ்த் தொழிலாளிக்கு அத்தகைய கல் இல்லை. இறந்தவர் பலரை ஒரே குழியில் இட்டு மூடினர். தோட்டத்தில் காத்திருந்த மனைவிக்குக் கடிதமும் வரவில்லை. ஜப்பானியர் அச்சிட்ட வாழைமரம் போட்ட நோட்டும் 1945இல் போர் முடிந்தபின் செல்லாக் காசாயிற்று. குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றி 1957இல் வந்த புகழ்பெற்ற ஆங்கிலத் திரைப்படமும் போர்க் கைதிகளின் கதையையே கூறியது.

போரில் மடிந்தவனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரையும் புகழையும் பொறிப்பது பண்டைத் தமிழர் மரபு. அம்மரபின்படி 2023ஆம் ஆண்டு காஞ்சனபுரியில் இத்தொழிலாளர் நினைவாக நடுகல் ஒன்று நாட்டப்பெற்றது. இறந்து எண்பது ஆண்டுகள் கழித்து அவர்களுக்கு ஒரு கல் கிடைத்தது.

முடிவுரை

போர் முடிந்தபின் அப்பாதையின் பெரும்பகுதி பெயர்த்தெடுக்கப்பட்டது. எஞ்சிய ஏறத்தாழ 130 கிலோமீட்டரில், தாய்லாந்தின் நாம்தோக் வரை இன்றும் இரயில் ஓடுகிறது. பயணிகள் மகிழ்ச்சியோடு சன்னல் வழியே ஆற்றைக் காண்கின்றனர்.

அன்புத் தோழியரே! நம் ஊர்களில் "தாத்தாவின் அண்ணன் மலேயாவுக்குப் போனார், பிறகு சேதியே இல்லை" என்று கூறும் முதியவர்கள் இருக்கக்கூடும். அப்படி ஒருவர் கூறினால், நாம் எழுந்து போய்விடாமல் அவர் அருகில் அமர்வோம். போனவரின் பெயரென்ன, எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டு ஓர் ஏட்டில் எழுதி வைப்போம். கல்லில் பொறிக்க நம்மால் இயலாவிட்டாலும், காகிதத்தில் எழுத இயலுமன்றோ!